கிலோமீற்றருக்கு ஒரு கட்டி

ஒரு கிலோமீற்றருக்கு ஒரு லெகோ கட்டி என்று கணக்கு வைத்து, தரையிலிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போவதாக வைத்துக்கொள்வோம். சிவனொளிபாதமலை இரண்டு கட்டியும் கொஞ்சமும். எவரெஸ்ட் ஒன்பது கட்டிக்குள் அடங்கிவிடும். கட்டுநாயக்கவில் ஏறும் பெரிய விமானம் பறக்கிற உயரம் பத்துப் பதினொரு கட்டி. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 400 கட்டி வேண்டும். ஒரு கட்டியின் உயரம் 9.6 மில்லிமீற்றர். ஆகவே 400 கட்டி நாலு மீற்றருக்குச் சற்றுக் குறைவு; எங்கள் வீட்டில் அடுக்கினால் கூரைத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். தொலைக்காட்சிச் செய்மதிகள் நிற்கும் புவிநிலைச் சுற்றுப்பாதை 35,786 கிலோமீற்றர். அத்தனை கட்டியையும் அடுக்கினால் 343 மீற்றர் வருகிறது. எங்கள் ஒழுங்கை முனையில் நின்று பார்த்தால் தெரிகிற தாமரைக் கோபுரம் கிட்டத்தட்ட அந்த உயரம்தான்.

இதை கிராண்ட்பாஸில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளிடம் சொன்னபோது எல்லோரும் எழும்பி வெளியே ஓடிப்போய்க் கோபுரத்தைப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் ஒரு பையன் கேட்டான்: “அப்ப அடியில இருக்கிற கட்டி நசுங்காதா தாத்தா?” அருமையான கேள்வி. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகத்தில் 2012 இல் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாலு குமிழ் உள்ள சின்னக் கட்டி ஒன்று ஏறத்தாழ 430 கிலோ பாரம் வரை தாங்கியது. அதன்படி பார்த்தால் மூன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக்குக் கட்டி அடுக்கினால்தான் அடிக்கட்டி நசுங்கும். நம் கட்டிக் கோபுரத்தின் அடிக்கட்டி தாங்கும். ஆனால் காற்று விடாது, அதற்கு வெகு முன்பே சரித்துவிடும். அந்தப் பையன் இப்போது காற்றுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான்.

புவிநிலைச் சுற்றுப்பாதை இருக்கும் அந்த உயரத்தின் பயனை உலகத்துக்கு விளக்கி எழுதியவர் நம் கொழும்பு நகரத்தில் வாழ்ந்தவர். பூமிக்கு மேலே அவ்வளவு தூரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று 1945 ஒக்ரோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 இல் இலங்கைக்கு வந்தார். 2008 மார்ச்சில் காலமாகும் வரை இங்கேயே இருந்தார். பார்ன்ஸ் பிளேஸில் வீடு. பொரளை கனத்தையில் கல்லறை. 1979 இல் வந்த ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலில் தரையிலிருந்து புவிநிலைச் சுற்றுப்பாதை வரை ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். கட்டுகிற இடம் தப்ரபேன் என்ற தீவு, நம் தீவேதான். அப்படியொரு மின்தூக்கி பூமத்திய ரேகையில் நின்றால்தான் சரிவரும் என்பதால், கதைக்காக இலங்கையை எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி வைத்தார்.

ஒரு தீவையே தூக்கி நகர்த்தி வைத்தவர் வாழ்ந்த ஊர் இது. இங்கே விஞ்ஞானக் கற்பனை மாதிரிகளைக் கட்டியில் செய்கிற பிள்ளைகளில் மிகப் பலர், பெட்டியில் அச்சடித்திருக்கும் விண்கப்பலை அப்படியே கட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். பார்க்க வருகிற பெரியவர்களும் “எத்தனை துண்டு, என்ன விலை” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளை தானாக யோசித்துக் கட்டியதற்கு முன்னால் நின்று, ஒரு கட்டுரையை வாசிப்பதுபோல அதை வாசித்துப் பார்க்கிற பழக்கம் நமக்கு வரவேண்டும். இதை எழுதுவது அதற்காகத்தான்.

நான் அச்சுக்கோப்பாளன். ஆமர் வீதிப் பக்கம் ஒரு சிறிய அச்சகத்தில் கலியாணக் கார்டும், மரண அறிவித்தலும், கோயில் திருவிழா நோட்டீசும் ஈய எழுத்தில் கோத்தவன். ஒப்செட் வந்து ஈயத்துக்கு வேலை இல்லாமல் போனபோது, விறகுக்குப் போக இருந்த எழுத்துக் கேஸ்களில் சிலதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன அறைகள். பிறகு பேரப்பிள்ளைகளின் லெகோ துண்டுகள் வீடு முழுக்கச் சிதறிக் கிடந்தபோது அந்தக் கேஸ்கள் நினைவுக்கு வந்தன. கு, கூ கிடந்த அறைகளில் இப்போது ஒற்றைக் குமிழ்த் துண்டுகள். ஸ்பேஸ் கிடந்த பெரிய அறைகளில் 2×4 கட்டிகள்.

எனக்கு இதில் ஆசை வந்தது அளவினால். ஈய எழுத்து உலகத்தில் எல்லாம் பொயின்ட் கணக்கு. பன்னிரண்டு பொயின்ட் ஒரு பைக்கா. வரிக்கு நடுவே செருகும் தகடு முதல் ஓரத்தில் வைக்கும் கட்டை வரை எல்லாம் அதன் மடங்கு. அதனால்தான் பக்கம் இறுக்கமாகப் பூட்டும். லெகோவிலும் அப்படித்தான். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீற்றர். கட்டியின் உயரம் 9.6. மெல்லிய தட்டையின் உயரம் 3.2. ஆக மூன்று தட்டை ஒரு கட்டி. ஐந்து தட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 16 மில்லிமீற்றர். அது இரண்டு குமிழின் அகலம். இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால் கட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தும் தலைகீழாகவும் கட்டலாம், எங்கும் இடைவெளி விழாது. உலகெங்கும் லெகோவில் விண்கலம் கட்டுகிறவர்கள் வழுவழுப்பான உடலை எடுப்பது இந்த வழியில்தான். டென்மார்க்கின் பிலுண்ட் நகரத்தில் 1932 இல் ஒரு தச்சர் தொடங்கிய கம்பனி 1958 ஜனவரியில் பதிவு செய்த அந்த இணைப்பு இன்றுவரை மாறவில்லை. அன்றைய கட்டி இன்றைய கட்டியோடு பூட்டும்.

ஞாயிறு பின்னேரங்களில் பிள்ளைகள் வருவார்கள். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், பக்கத்துத் தொடர்மாடியிலிருந்து சிங்களப் பிள்ளைகள். அவர்கள் கட்டியதில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எட்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை கட்டியது. ஒரு வீடு, நாலு கம்பத்துக்கு நடுவே. கம்பங்கள் உருண்டைத் துண்டுகளால் ஆனவை. வீட்டின் நாலு மூலையிலும் உள்ள வளையங்கள் அவற்றில் சும்மா கோத்திருக்கின்றன, பூட்டவில்லை. வீட்டைக் கீழிருந்து விரலால் தள்ளினால் கம்பங்களில் வழுக்கி மேலே போகிறது. விரலை எடுத்தால் மெதுவாக இறங்குகிறது. வாசல் பக்கத்தில், வெள்ளையும் சிவப்புமாக மாறி மாறி அடுக்கிய ஒற்றைக் குமிழ்த் தூண் ஒன்று தனியாக நிற்கிறது. அது என்னவென்று நான் கேட்டேன்.

“அது நாகலகம் வீதி மீற்றர் தாத்தா. ஒரு கட்டி ஓரடி.”

களனி கங்கை பெருகும்போதெல்லாம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிக்கையில் நம் பகுதியின் பெயர் வருவது அந்த அளவுகோலால்தான். நாகலகம் வீதியில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். 2016 மே மாத வெள்ளத்தில் சேதவத்தைப் பக்கம் சனங்கள் வீட்டை விட்டுப் போனது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பிள்ளை அதைத் தன் தாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அது கட்டிய வீடு அளவுகோலின் நாலாவது கட்டிக்கு நேரே கிடக்கிறது. ஐந்தாவது கட்டி நனையும்போது மிதந்து எழும்பும். எழும்பும்போது குழாய், மின்கம்பி என்னாகும் என்று கேட்டேன். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது. தீயணைக்கும் பொம்மை லொறியிலிருந்து கழற்றிய குழாய் ஒன்று, சுருள் சுருளாக, வீடு எவ்வளவு எழும்பினாலும் நீளக் கூடியதாக.

சுவர் இளஞ்சிவப்பு, கூரை பச்சை. இருந்த நிறம் அதுதான். விண்கலம் என்றால் சாம்பல் நிறம் வேண்டும் என்று வெளிநாட்டில் இதைச் செய்கிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். அந்த வீட்டைப் பார்த்தபின் எனக்கு அந்த எண்ணம் அடியோடு போய்விட்டது. கூரையின் ஓரத்தில் ஐந்து தட்டையை அடுக்கிப் பக்கவாட்டில் திருப்பி இரண்டு குமிழ் இடைவெளியில் செருகியிருந்தது. நான் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. செருகிப் பார்த்துச் செருகிப் பார்த்துத் தானே கண்டுபிடித்திருக்கிறது. புறக்கோட்டையில் வாங்கிய மலிவுக் கட்டி என்பதால் மயிரளவு இழுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் நின்றது.

இந்த வீட்டைக் கொழும்பில் ஒரு பிள்ளைகள் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். முன்வரிசை மேசைகளில் பெட்டியைப் பார்த்துக் கட்டிய பெரிய பெரிய கப்பல்கள். இதைப் பின்வரிசையில் ஓரமாக வைத்தார்கள். பரிசும் அளவில் பெரியதற்கே போனது. நடுவர்களில் ஒருவர்கூடக் குனிந்து அந்த வீட்டைக் கீழிருந்து தள்ளிப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

பெட்டிக் கப்பலை நான் குறை சொல்லவில்லை. அதைக் கட்டும்போது கை படிகிறது. எந்த இடத்தில் எதை எதோடு பூட்டலாம் என்று தெரிகிறது. 2017 இல் வந்த ‘சற்றேர்ன் ஃபைவ்’ ரொக்கெட் தொகுப்பை வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். ஒரு மீற்றர் உயரம், 1,969 துண்டுகள். மனிதன் சந்திரனில் இறங்கிய ஆண்டை எண்ணிக்கையிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ரொக்கெட் தொகுப்பு எப்படி வந்தது? இரண்டு ரசிகர்கள் தாமாகக் கட்டிக் கம்பனிக்கு முன்வைத்த யோசனை அது. சொந்தமாகக் கட்டியதுதான் பிறகு பெட்டிக்குள் போனது.

சரி, எப்படிப் பார்ப்பது? முதலில் குனிய வேண்டும். மாதிரிக்கு முன்னால் கண் மட்டத்துக்கு வந்தால்தான் அதன் கதவு கதவாகத் தெரியும், ஏணி ஏணியாகத் தெரியும். பிறகு கேட்க வேண்டும். இதில் யார் இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், இயந்திரத்தின் சூடு எந்த வழியால் வெளியே போகிறது.

இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். விண்வெளியில் காற்று இல்லை. விசிறி சுழற்றிச் சூட்டை விரட்ட முடியாது. அகலமான தகடுகள் வைத்துக் கதிர்வீச்சாகத்தான் வெளியேற்றலாம். கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து உருவாக்கி 1968 இல் வெளியான ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் ‘டிஸ்கவரி’ கப்பலுக்கு ஆரம்ப வரைபடங்களில் அப்படியான தகடுகள் இருந்தன. சிறகு என்று நினைத்துச் சனங்கள் குழம்புவார்கள் என்று பிறகு எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. குழம்புகிறவன் கேட்பான், கேட்டால் தெரிந்துகொள்வான். ஆனாலும் அந்தக் கப்பலின் உருவம் இன்றும் பார்த்தவுடன் பிடிபடுகிறது: முன்னால் மனிதர் வாழும் உருண்டை, நடுவில் மிக நீண்ட முதுகெலும்பு, கடைசியில் இயந்திரம். அணு உலையின் கதிர்வீச்சிலிருந்து மனிதரைத் தள்ளி வைக்கத்தான் அந்த நீளம். அழகுக்காக நீட்டினார்கள் என்று நினைத்திருந்த ஒரு பிள்ளை, காரணத்தைக் கேட்டதும், தான் கட்டிக்கொண்டிருந்த கப்பலை அந்த இடத்திலேயே பிரித்து இரண்டு மடங்கு நீளமாகக் கட்டத் தொடங்கியது.

அந்தப் படத்துக்காகச் செய்த பெரிய மாதிரி 16 மீற்றருக்கும் மேல் நீளம். அதன் உடம்பில் தெரிகிற குழாயும் மேடும் பள்ளமும் கடையில் விற்ற பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டியவை. 1977 இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ செய்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். டாங்கிப் பெட்டி, பந்தயக் கார்ப் பெட்டி எல்லாவற்றையும் உடைத்துத் துண்டுகளை விண்கலத்தின் முதுகில் ஒட்டினார்கள். லெகோவில் இந்த வேலை இன்னும் சுவையானது, ஏனென்றால் அங்கே பசை இல்லை. பொம்மை மனிதனின் சறுக்குச் சப்பாத்து ஒரு வால்வு ஆகும். தொலைநோக்கிக் கண்ணாடி இயந்திரத்தின் வாய் ஆகும். ஒரு துண்டு, அது பிறந்த வேலையை விட்டு வேறொரு வேலையைச் செவ்வனே செய்வதைக் கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே இப்படியான மாதிரிகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

காசைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 7,541 துண்டுகள் கொண்ட ‘மிலேனியம் ஃபல்கன்’ தொகுப்பு அமெரிக்காவில் 850 டொலர். நம் காசில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனபோது சாதாரணப் பொம்மைகூட எட்டாத விலையாகிவிட்டது. கிராண்ட்பாஸில் தினக்கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெட்டியெல்லாம் கடைக் கண்ணாடிக்கு அப்பால் உள்ள பொருள். ஆனால் கட்டி அப்படியல்ல. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டியின் வடிவத்தை வர்த்தகக் குறியாக ஒரே கம்பனி வைத்துக்கொள்ள முடியாது என்று கனடாவின் உயர் நீதிமன்றம் 2005 இலும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010 இலும் தீர்ப்புச் சொல்லிவிட்டன. ஆகவே மற்றக் கம்பனிகள் பொருந்துகிற கட்டி செய்து விற்பதில் பிழை எதுவும் இல்லை. இன்னொருவர் வடிவமைத்த தொகுப்பையும் படத்தையும் பெட்டியோடு களவெடுத்து விற்பது வேறு விஷயம்; அதற்காகச் சீனாவிலேயே ஆட்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் பையில் போட்டு விற்கிற கலப்புக் கட்டிகளை வாங்குங்கள். வாங்குமுன் இரண்டைப் பூட்டி, ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மற்றது விழாமல் நிற்க வேண்டும். ஓரத்தில் பிசிறு இருந்தால் விடுங்கள், பிள்ளையின் விரலைக் கிழிக்கும்.

2×4 கட்டி ஒரே நிறத்தில் ஆறு இருந்தாலே போதும், அவற்றை 915,103,765 விதமாகப் பூட்டலாம். கணித ஆய்வாளர்கள் கணினியில் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. ஒரு பை வாங்கினால் ஒரு பிள்ளைப்பருவத்துக்குப் போதும்.

இலங்கையின் முதல் ஆய்வுச் செய்மதியான ‘ராவணா-1’ பற்றி வீட்டில் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் செய்தது. 2019 ஏப்ரலில் ரொக்கெட்டில் ஏறி விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூன் 17 அன்று அங்கிருந்து வெளியே விடப்பட்டது. அதன் அளவு 10 சென்ரிமீற்றருக்கு 10, உயரம் 11.3. எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. லெகோவில் 12 குமிழ் நீளம், 12 குமிழ் அகலம், 12 கட்டி உயரம் வைத்துக் கட்டினால் 9.6 சென்ரிமீற்றருக்கு 9.6, உயரம் 11.5 வருகிறது. கிட்டத்தட்ட அசல் அளவு! பெரிய விண்கலம் எதையும் ஒரு பிள்ளை அசல் அளவில் மேசைமேல் கட்டி வைக்க முடியாது. நம் நாட்டினுடையதைக் கட்டலாம். நாங்கள் கட்டினோம். கட்டி முடித்து உள்ளங்கையில் வைத்தபோது “இவ்வளவுதானா?” என்று ஒரு பிள்ளை கேட்க, இன்னொன்று “இவ்வளவுக்குள்ள கெமராவையும் வச்சாங்களா?” என்று கேட்டது. இரண்டாவது கேள்வி வந்ததும் அன்றைய பின்னேரம் முழுவதும் அதற்குள் என்னென்ன அடக்கலாம் என்பதிலேயே போய்விட்டது.

இந்தக் கனச்சதுரச் செய்மதி வடிவத்தை 1999 இல் அமெரிக்கப் பேராசிரியர்கள் பொப் டுவிக்ஸும் ஜோர்டி புய்க்-சுவாரியும் மாணவர்களுக்காக வகுத்தார்கள். எந்த அளவில் செய்வது என்று தேடியபோது டுவிக்ஸ் ஒரு கடையில் துணிப் பொம்மை விற்கிற பிளாஸ்டிக் பெட்டியைக் கண்டு அதையே அளவாக எடுத்தார் என்பது அவரே சொன்ன கதை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கனங்களை இணைத்துப் பெரிய செய்மதி செய்யலாம். இப்போது உலகத்துப் பல்கலைக்கழகங்கள் பல விண்வெளிக்குள் நுழைவது அந்த வழியால்தான்.

தமிழில் வாசிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 2021 ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதிய நாவல். அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் வாசிக்கும், யோசிக்கும், மனிதரைவிடத் தெளிவாகப் பேசும். 2021 வந்து போயும்விட்டது. ஜீனோவை ஒரு தமிழ்ப் பிள்ளை கட்டியில் கட்டி வைத்து நான் பார்த்ததில்லை. எத்தனையோ வெளிநாட்டு ரோபோக்களைப் பார்த்துவிட்டேன். ஜீனோ எப்படி இருக்கும் என்று நூலில் படம் பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்றில்லை. காது எவ்வளவு நீளம், கழுத்து எப்படித் திரும்பும், வாசிக்கும்போது பக்கத்தை எதனால் புரட்டும் என்று பிள்ளை தீர்மானிக்கட்டும். அதே மாதிரி கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் ஒரு விண்நிலையத்தின் தலையில் வந்தால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! எங்கள் பையன் ஒருவன் ஆடிவேல் தேரைக் கப்பலாக்கிச் சக்கரம் இருந்த இடத்தில் இயந்திரம் வைத்தான். நான் பார்த்த விண்கலங்களில் இவ்வளவு கம்பீரமாக ஒன்று இல்லை.

துப்பாக்கி பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் எந்தக் கப்பல் கட்டினாலும் கடைசியில் முன்னால் இரண்டு பீரங்கி வைத்துவிடுகிறார்கள். லெகோ 1978 இல் தன் விண்வெளித் தொகுப்பு வரிசையைத் தொடங்கியபோது, ஜென்ஸ் நீகார்ட் நுட்சன் வடிவமைத்த அந்த நீலமும் சாம்பலுமான கப்பல்களில் போர் இல்லை. அவை ஆராயப் போகிற கப்பல்கள்; வண்டி, அன்டனா, ஆய்வுக்கூடம். இந்த நகரத்தில் குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாங்கள். என் மேசையில் பீரங்கியைத் தடை செய்யவில்லை. “அதைக் கழற்றினால் இந்தக் கப்பலுக்கு என்ன வேலை?” என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்ல முடியாத கப்பல் இன்னும் கட்டி முடியவில்லை என்று அர்த்தம்.

மாதிரியைப் பிரிப்பதைப் பற்றி வீட்டில் சண்டை வரும். பசை போட்டு ஒட்டி அலுமாரியில் வைக்கச் சொல்கிற பெற்றோர் உண்டு. நான் அதற்கு விரோதம். அச்சகத்தில் ஒரு பக்கம் அடித்து முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்த அறைக்குத் திருப்பிப் போடுவோம். அது அடுத்த பக்கத்துக்கான வேலையின் பாதி. கட்டியிலும் பிரிக்கும்போதுதான் பிள்ளை தான் எப்படிக் கட்டியது என்பதைத் தலைகீழாகப் பார்க்கிறது. எந்த இடம் தேவைக்கு மேல் இறுக்கம், எந்த இடம் பலவீனம் என்று கைக்குத் தெரிகிறது. நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், திகதி எழுதுங்கள், ஒரு வாரமாவது எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். பிறகு பிள்ளையே பிரிக்கட்டும், நீங்கள் பிரிக்காதீர்கள். வெள்ளத்தில் மிதக்கும் வீட்டை அந்த எட்டாம் ஆண்டுப் பிள்ளை இரண்டு தரம் பிரித்துக் கட்டிவிட்டது. இப்போது நாலு கம்பம் இல்லை, இரண்டுதான். நாலும் ஒரே நேரத்தில் வழுக்காமல் ஒரு பக்கம் சிக்கிச் சரிந்தது என்று தானே கண்டு, எதிர் மூலைகளில் மட்டும் தடித்த கம்பமாக வைத்திருக்கிறது.

நம் பகுதி ஆற்றைக் கடக்கும் வழியை எப்போதும் யோசித்து வந்த பகுதி. 1822 இல் இங்கே களனியின் மேல் படகுகளை வரிசையாக நிறுத்தி அதன்மேல் பாலம் போட்டார்கள். மற்றப் படகுகள் போக வேண்டிய நேரத்தில் நடுவில் கொஞ்சத்தைக் கழற்றி வழிவிடுவார்கள். 1895 இல் விக்டோரியா பாலம் வரும்வரை அது இருந்தது. 2021 நவம்பரில் வடங்கள் தாங்குகிற புதிய களனிப் பாலம் திறந்தது. அடுத்த பாலம் எப்படி இருக்கும்? 2100 இல் களனியை எதில் கடப்போம்? இந்தக் கேள்வியை வடகொழும்புப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து, ஒரு பொது மேசையில் கட்டச் சொல்ல வேண்டும் என்பது என் யோசனை.

டிசம்பர் 16 கிளார்க்கின் பிறந்தநாள். அதை அன்றே செய்யலாம். கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையமோ நூலகமோ ஒருநாள் மண்டபம் தந்தால் போதும். கட்டியை வீடுகளிலிருந்து சேர்க்கலாம். பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் பரணில் கிடப்பதே போதுமான அளவு இருக்கும். பெட்டிப் படத்தைப் பார்த்துக் கட்டியது வேண்டாம். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் பிள்ளை தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மூன்று வரி எழுதி வைக்கட்டும்: இது என்ன, யாருக்கு, எது பழுதானால் என்ன செய்வார்கள். பரிசு வேண்டாம். மேசைகள் உயரமாக இருக்கட்டும், பெரியவர்களுக்குக் குனிவது கஷ்டம். தொட்டுப் பார்க்க விடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பிரித்து, நிறத்துக்கு நிறம், அளவுக்கு அளவு தெரிந்து பெட்டியில் போட வேண்டும். கேஸ்களை நான் கொண்டுவருகிறேன்.